மஞ்சள் கனெக்டர் அருகே வேலை: ஏர்பேக் உள்ள கார்களைப் பாதுகாப்பாகப் பழுது பார்ப்பது எப்படி?

2016 ஜூன் மாதம். அமெரிக்காவின் மயாமிக்கு அருகே உள்ள ஹயலியா நகரில் ஒருவர் 2001-ஆம் ஆண்டு ஹோண்டா அக்கார்டு காரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இக்னிஷன் ஆனில் இருந்தது. காருக்குள் சுத்தியலால் தட்டியபோது ஏர்பேக் விரிந்தது. பையை ஊதச் செய்யும் இன்ஃப்ளேட்டர் என்னும் உலோகக் குப்பி உடைந்து சிதறியது. படுகாயமடைந்த அவர் மறுநாள் இறந்துபோனார். அந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கவும் இல்லை, எதன்மீதும் மோதவும் இல்லை. உயிரைக் காப்பதற்காகப் பொருத்தப்பட்ட கருவி, பழுது பார்த்தவரின் உயிரைப் பறித்தது. 2017 ஜூலையில்தான் ஹோண்டா நிறுவனம் இந்தச் சாவை வெளியுலகுக்கு அறிவித்தது.

இந்த நிகழ்வில் மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. இக்னிஷன் ஆனில் இருந்தது முதல் காரணம். உணரிகள் ஏமாறும் அளவுக்கு அதிர்வு ஏற்பட்டது இரண்டாவது. திரும்பப் பெறும்படி உற்பத்தியாளர் அறிவித்த டகாட்டா நிறுவனத்தின் குறையுள்ள இன்ஃப்ளேட்டர் மாற்றப்படாமல் இருந்தது மூன்றாவது. முதல் இரண்டையும் வேலை செய்பவர் தவிர்க்க முடியும். மூன்றாவதை, சேசிஸ் எண்ணை வைத்துச் சரிபார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்துகொண்டிருக்கலாம். உயிரைக் காத்திருக்கக்கூடிய மூன்றுமே விலை உயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத செயல்கள்.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லாக் கார்களிலும் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயம் ஆனது. முன் இருக்கைப் பயணிக்கான ஏர்பேக், 2021 ஏப்ரல் 1 முதல் புதிய மாடல்களுக்கும், அந்த ஆண்டின் இறுதியிலிருந்து பழைய மாடல்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆறு ஏர்பேக்குகளைக் கட்டாயமாக்கும் திட்டம் முதலில் 2022 அக்டோபரிலிருந்து 2023 அக்டோபருக்குத் தள்ளிப்போனது, பிறகு கைவிடப்பட்டது. ஆனாலும் பாரத் என்கேப் மோதல் சோதனை வந்த பிறகு நிறுவனங்கள் தாங்களாகவே அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய், தன் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் தருவதாக 2023 அக்டோபரில் அறிவித்தது.

அதனால் இன்றைக்கு ஷெட்டுக்கு வரும் சாதாரணச் சிறிய காரில்கூட ஆறு பைகளும், சீட் பெல்ட்டை இறுக்கும் இரண்டு ப்ரீடென்ஷனர்களும் இருக்கலாம். அதாவது வெடிமருந்து அடைத்த எட்டு கருவிகள். ஸ்டீயரிங்கில், டாஷ்போர்டில், இருக்கையின் ஓரத்தில், கூரையின் விளிம்பில், நடுத்தூணில் என்று அவை கார் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. “இருபது வருஷமா கை வைக்கிறேன், ஒண்ணும் ஆனதில்லை” என்று அனுபவமுள்ள மெக்கானிக் சொன்னால் அது பொய்யாக இருக்காது. ஆனால் அந்த இருபது வருடங்களில் பெரும்பகுதி, ஏர்பேக்கே இல்லாத கார்களில் கழிந்தவை.

அச்சமூட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இன்றைய ஏர்பேக் அமைப்பு தற்செயலாக வெடிக்காதபடி பல அடுக்குப் பாதுகாப்புடன் வடிவமைக்கப்பட்டது. பட்டறையில் அது தானாக விரிவது அரிது. ஆனால் ஆபத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. வேண்டாத நேரத்தில் பை விரிந்தால் மெக்கானிக்குக் காயம். வேண்டிய நேரத்தில் விரியாமல் போனால் காரின் உரிமையாளருக்குக் காயம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: முறை தெரியாமல், அல்லது தெரிந்தும் அவசரத்தில், அந்த அமைப்பில் கை வைப்பது. மெக்கானிக்கின் பாதுகாப்பும் பயணியின் பாதுகாப்பும் வெவ்வேறு பாடங்கள் என்று நினைப்பதுதான் இந்தத் துறையின் பெரிய பிழை.

உள்ளே நடப்பது என்ன?

காற்று நிரப்பிய பையை வாகனத்தில் வைக்கும் யோசனைக்கு அமெரிக்கரான ஜான் ஹெட்ரிக் 1953-இல் காப்புரிமை பெற்றார். அது நம்பத்தக்க கருவியாக மாறுவதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. பையை விரிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு என்பதே சிக்கலாக இருந்தது. அழுத்தப்பட்ட காற்றை மட்டும் நம்பியிருந்தால் அவ்வளவு வேகம் கிடைக்காது. தீர்வாக வந்தது வெடிமருந்து. 1980-களின் தொடக்கத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் ஓட்டுநர் ஏர்பேக் வந்தது. 1998 மாடல் ஆண்டு முதல் அமெரிக்கக் கார்களில் முன்பக்க ஏர்பேக்குகள் கட்டாயமாயின. 1987 முதல் 2017 வரை அமெரிக்காவில் மட்டும் 50,000-க்கும் மேற்பட்ட உயிர்களை முன்பக்க ஏர்பேக்குகள் காப்பாற்றியதாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது.

வேலை செய்யும் விதம் இதுதான். காரின் நடுவே, கியர் லீவருக்கு முன்னாலோ கன்சோலுக்கு அடியிலோ ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். பட்டறையில் அதை ஏர்பேக் இ.சி.யு. என்பார்கள். பம்பருக்குப் பின்னாலும், நடுத்தூணிலும், சில கார்களில் கதவுக்குள்ளும் உள்ள உணரிகள் மோதலைச் சொன்னதும், பெட்டிக்குள் இருக்கும் உணரியும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ஸ்குவிப் எனப்படும் தீமூட்டிக்கு மின்சாரம் பாயும். தீமூட்டி எரிந்து மருந்தைப் பற்றவைக்கும். பிறக்கும் வாயு, ஓட்டுநர் பக்கம் என்றால் ஏறத்தாழ 60 லிட்டர் கொள்ளளவுள்ள பையை, நொடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் நிரப்பிவிடும். சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். கண் இமைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் “விரியப்போகிறது என்று தெரிந்தால் கையை எடுத்துக்கொள்ளலாம்” என்ற நினைப்புக்கே இடமில்லை.

பேட்டரியைக் கழற்றினால் போதுமா?

எல்லா நிறுவனங்களின் கையேடுகளும் ஒரே குரலில் சொல்லும் முதல் விதி, வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுவது. இரண்டாவது விதியைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். கழற்றிய பிறகு காத்திருக்க வேண்டும்.

காரணம், இ.சி.யு.வுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர். விபத்தில் பேட்டரி நசுங்கிப்போனாலும், ஒயர் அறுந்தாலும் பை விரிந்தாக வேண்டும் என்பதற்காக அதில் மின்சாரம் சேமித்து வைக்கப்படுகிறது. டெர்மினலை எடுத்தவுடன் அது காலியாகிவிடாது. டொயோட்டா தன் கார்களில் குறைந்தது 90 விநாடி காத்திருக்கச் சொல்கிறது. ஹோண்டா 3 நிமிடம் என்கிறது. சில பழைய மாடல்களில் 10 நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். எந்த மாடலுக்கு எவ்வளவு என்பதை அந்தக் காரின் சர்வீஸ் மேனுவல் மட்டுமே சரியாகச் சொல்லும். மேனுவல் கைக்குக் கிடைக்காவிட்டால், அதிகமான நேரத்தையே கணக்கில் கொள்வது நல்லது.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே கண்டிக்க வேண்டும். ஸ்டீரியோவின் நினைவும் கடிகாரமும் போகக்கூடாது என்பதற்காக, சிலர் லைட்டர் சாக்கெட்டிலோ ஸ்கேனர் சாக்கெட்டிலோ சிறிய பேட்டரியைச் செருகி வைப்பார்கள். அந்தச் சிறிய பேட்டரி ஏர்பேக் அமைப்புக்கும் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். டெர்மினலைக் கழற்றிய பலன் முழுவதும் வீணாகிவிடும். சில சொகுசுக் கார்களில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். இரண்டையும் துண்டிக்க வேண்டும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயர் உயர் மின்னழுத்தத்தின் அடையாளம். மஞ்சள் நிறக் கனெக்டர் பெரும்பாலும் ஏர்பேக்கின் அடையாளம். இரண்டுக்கும் வெவ்வேறு துண்டிப்பு முறைகள். ஒன்றைச் செய்தால் மற்றதும் செய்ததாகிவிடாது.

டெஸ்ட் லேம்ப்பும் மல்டிமீட்டரும்

ஆட்டோ எலக்ட்ரீசியன்களின் கையில் எப்போதும் இருப்பது டெஸ்ட் லேம்ப். எந்த ஒயரில் கரன்ட் வருகிறது என்று தேடுவதற்கு அதைவிட எளிய கருவி இல்லை. ஆனால் ஏர்பேக் ஒயரில் அதை வைப்பது ஏன் ஆபத்து என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஸ்குவிப்பின் மின்தடை ஏறத்தாழ 2 ஓம். பரவலான தரநிலையின்படி 1.2 ஆம்பியர் மின்சாரம் 2 மில்லி விநாடி பாய்ந்தால் அது கட்டாயம் பற்றிக்கொள்ள வேண்டும். இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பை எடுத்துக்கொள்வோம். அது எரியும்போது இழுப்பது 1.75 ஆம்பியர். அதே பல்பை டெஸ்ட் லேம்ப்பாக்கி, ஒரு முனையை பேட்டரியிலும் மறுமுனையை ஸ்குவிப்பின் ஒயரிலும் வைத்தால் தேவைக்கு அதிகமான மின்சாரம் கிடைத்துவிடும். அதைவிடச் சிறிய 5 வாட் பல்பு எரியும்போது 0.4 ஆம்பியர்தான் இழுக்கும். அதனால் பாதுகாப்பு என்று தோன்றலாம். ஆனால் அணைந்திருக்கும் பல்பின் இழை குளிர்ந்திருப்பதால் அதன் மின்தடை மிகக் குறைவு. முதல் சில மில்லி விநாடிகளில் அது பல மடங்கு மின்சாரத்தை விழுங்கும். ஸ்குவிப்புக்குத் தேவையானதும் அந்தச் சில மில்லி விநாடிகள்தான்.

மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து ஏர்பேக்கை நேரடியாக அளப்பதையும் கையேடுகள் தடை செய்கின்றன. நல்ல டிஜிட்டல் மீட்டரின் மின்சாரம் மிகச் சிறியதுதான். ஆனால் மீட்டர் எந்த நிலையில் இருக்கிறது, அது எப்படிப்பட்டது என்பதை நம்பி ஒரு வெடிமருந்தை அளக்கத் தேவையில்லை. அதற்குச் சரியான வழி, ஸ்கேனரைப் பயன்படுத்திப் பிழைக் குறியீட்டைப் படிப்பது. ஒயரைச் சோதிக்க வேண்டுமானால், ஏர்பேக்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, அதன் இடத்தில் 2 ஓம் சோதனை ரெசிஸ்டரை மாட்டி அளக்க வேண்டும்.

மஞ்சள் கனெக்டருக்குள் கவனிக்கத்தக்க ஒரு சிறு அமைப்பு உண்டு. கனெக்டரைப் பிரித்தவுடன் உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் தகடு, ஸ்குவிப்புக்குப் போகும் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும். இரண்டு முனைகளுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு இல்லாவிட்டால் மின்சாரம் பாயாது. உடலில் தேங்கும் நிலை மின்சாரத்திலிருந்தும் அது ஸ்குவிப்பைக் காக்கிறது. கனெக்டருக்குள் கம்பியையோ ஊசியையோ நுழைத்துப் பார்ப்பவர் அந்தத் தகட்டை வளைத்துவிடுகிறார். அன்றைக்கு ஒன்றும் நேராது. அடுத்த முறை அதைப் பிரிக்கும் இன்னொருவருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்காது.

ஸ்டீயரிங் ஏர்பேக்கைக் கழற்றும்போது

பட்டறையில் அதிகமாக நடக்கும் ஏர்பேக் வேலை, ஹாரன் வேலை செய்யவில்லை என்றோ, ஸ்டீயரிங்கை மாற்றவோ ஓட்டுநர் பையைக் கழற்றுவதுதான். முறையாகச் செய்தால் அது இப்படி நடக்கும்.

முதலில் முன் சக்கரங்களை நேராக நிறுத்த வேண்டும். இக்னிஷனை அணைத்துச் சாவியை எடுக்க வேண்டும். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, தற்செயலாகத் தொடாதபடி துணியோ டேப்போ சுற்றி ஒதுக்கிவைத்து, குறித்த நேரம் காத்திருக்க வேண்டும். காரின் இரும்புப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலை மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். பிறகு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள போல்ட்டையோ, துளை வழியாக அழுத்தும் ஸ்பிரிங் கிளிப்பையோ விடுவித்து, பேகை மெல்லத் தூக்க வேண்டும். கனெக்டரை இழுக்கக் கூடாது. அதன் நடுவில் உள்ள இரண்டாவது பூட்டைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மேலே தூக்கிய பிறகுதான் அது வெளியே வரும்.

கழற்றிய பேகைக் கையில் எடுத்துச் செல்லும்போது, நிறுவனச் சின்னம் உள்ள முகம் உடலுக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். ஒயரைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. மேஜையில் வைக்கும்போது சின்னம் மேலே பார்க்க வேண்டும். அதன்மேல் எதையும் அடுக்கக் கூடாது. முகம் கீழே இருக்க வைத்துவிட்டால், தற்செயலாக விரியும் பை மேஜையை உதைத்து உலோகப் பகுதியைக் கூரைக்கு எறியும். முகம் மேலே இருந்தால் பைத் துணி வெற்றிடத்தில் விரியும். உலோகம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே பொருள்தான், வைக்கும் விதம் ஒன்றே அதை ஏவுகணையாகவோ வெறும் சத்தமாகவோ மாற்றுகிறது.

ஸ்டீயரிங்கைக் கழற்றினால் கிளாக் ஸ்பிரிங்கைக் கவனிக்க வேண்டும். சுழலும் ஸ்டீயரிங்குக்கும் அசையாத தண்டுக்கும் இடையே மின் இணைப்பைத் தரும் சுருள் ரிப்பன் அது. அதைச் சுழலாமல் டேப் போட்டு நிறுத்த வேண்டும். சுழன்றுவிட்டால், நிறுவனம் சொல்லும் முறைப்படி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். நடு தப்பிய கிளாக் ஸ்பிரிங், ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும் முதல் நாளே அறுந்துபோகலாம். அப்போது ஹாரனும் போகும், ஓட்டுநர் ஏர்பேக்கும் போகும்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, காருக்குள் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டு நெகட்டிவ் டெர்மினலை இணைக்க வேண்டும். உடலை ஸ்டீயரிங்குக்கு நேராக வைக்காமல், பக்கவாட்டிலிருந்து கை நீட்டி இக்னிஷனை ஆன் செய்ய வேண்டும். ஏர்பேக் விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைந்தால் அமைப்பு நலம். எரிந்தபடியே இருந்தால் வேலை முடியவில்லை.

டிங்கரிங், பெயிண்டிங், சீட் வேலை

டிங்கரிங்கில் சுத்தியலும் வெல்டிங்கும் கூடவே வரும். முன்பக்க உணரி இருக்கும் ரேடியேட்டர் சப்போர்ட்டிலோ, பக்கவாட்டு உணரி இருக்கும் நடுத்தூணிலோ தட்டும்போது இக்னிஷன் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். பேட்டரி துண்டிக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்ப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு மிக அருகிலேயே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங் மின்சாரம் திரும்பிப் போகும் வழியில் ஏர்பேக் அமைப்பு இருக்கக்கூடும். உணரியை மீண்டும் மாட்டும்போது அதன்மேல் உள்ள அம்புக்குறியும் போல்ட்டின் டார்க் அளவும் முக்கியம். வளைந்த தகட்டின்மேல் மாட்டிய உணரி மோதலைத் தவறாகப் படிக்கும்.

கதவுக்குள் அழுத்த உணரி உள்ள கார்களில், கதவின் உட்புறத்தை மூடும் பிளாஸ்டிக் ஷீட் வெறும் தண்ணீர்த் தடுப்பு மட்டுமல்ல. கதவு நசுங்கும்போது உள்ளே உயரும் காற்றழுத்தத்தைத்தான் அந்த உணரி படிக்கிறது. ஸ்பீக்கர் மாட்டுவதற்காக ஷீட்டைக் கிழித்துவிட்டால் அழுத்தம் கசிந்துபோகும்; பக்கவாட்டு ஏர்பேக் தாமதிக்கக்கூடும்.

பெயிண்ட் பூத்தின் வெப்பம் பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரி வரை இருக்கும். ஏர்பேக் பாகங்களுக்கான வெப்ப வரம்பை ஒவ்வொரு நிறுவனமும் குறிப்பிடுகிறது. சில கையேடுகளில் அது 93 டிகிரி, சிலவற்றில் அதைவிடக் குறைவு. ஒரே இடத்தில் நீண்ட நேரம் வைக்கும் இன்ஃப்ராரெட் விளக்கு அதை எளிதாகத் தாண்டிவிடும். அந்த வேலைகளுக்கு ஏர்பேக்கை முன்கூட்டியே கழற்றிவிடுவதே முறை. தீ விபத்தில் குப்பி உடைந்து சிதறாமல் இருப்பதற்காக, ஏறத்தாழ 150 டிகிரிக்கு மேல் மருந்து தானாகவே பற்றிக்கொள்ளும்படி இன்ஃப்ளேட்டர் வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

கூரையின் விளிம்பை வெட்டும் வேலைகளில் தனிக் கவனம் வேண்டும். கர்ட்டன் ஏர்பேக்கின் நீண்ட குப்பி அங்கேதான் இருக்கும். சில வகைகளில் அது நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் வாயு அடைத்த சிலிண்டர். கட்டரை வைப்பதற்கு முன், உள்லைனிங்கை இறக்கிக் குப்பி இருக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். விபத்து மீட்புக் குழுக்களும் இதைத்தான் செய்கின்றன. உள்ளே சிக்கியவரை மீட்கும்போது, விரியாத பக்கவாட்டுப் பையிலிருந்து 13 சென்டிமீட்டர், ஓட்டுநர் பையிலிருந்து 25, பயணி பையிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளியே இருக்கும்படி அமெரிக்க மீட்புப் பயிற்சிகள் சொல்கின்றன. பட்டறைக்கும் அந்த அளவுகள் பொருந்தும்.

இருக்கையைக் கழற்றும் வேலையில் சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டரைப் பிரிக்காமல் சீட்டை இழுப்பது ஒரு வகைத் தவறு. கனெக்டரைப் பிரித்துவிட்டு, காரை நகர்த்துவதற்காக இக்னிஷனை ஆன் செய்வது இன்னொரு வகை. அப்படிச் செய்தால் பிழைக் குறியீடு பதிவாகும். ஸ்கேனர் இல்லாத கடையில் அந்த விளக்கை அணைக்க முடியாது. அங்கிருந்துதான் குறுக்குவழிகள் ஆரம்பிக்கின்றன. இருக்கையின் ஓரத்தில் உள்ள பை, தையலைப் பிளந்துகொண்டு வெளிவர வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் மற்ற ஊர்களின் அக்சஸரிஸ் கடைகளிலும் தைத்து மாட்டும் இறுக்கமான சீட் கவர், அந்த இடத்தில் பிரியும் தையலோ வழியோ விடாவிட்டால், வெளிவரும் பை தாமதமாகும், திசை மாறும். காரின் முன்னால் மாட்டும் இரும்பு கிராஷ் கார்டும் மோதலின் தன்மையையே மாற்றி உணரியைக் குழப்பும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் அதைத் தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விரிந்த பிறகும், மூழ்கிய பிறகும்

விபத்தில் பை விரிந்துவிட்டால் ஆபத்து முடிந்துவிட்டது என்று நினைக்கலாம். பல முன்பக்க ஏர்பேக்குகளில் இரண்டு கட்ட இன்ஃப்ளேட்டர் இருக்கிறது. லேசான மோதலுக்கு ஒரு கட்டமும் பலத்த மோதலுக்கு இரண்டும் எரியும். விரிந்து தொங்கும் பையின் குப்பிக்குள் இரண்டாவது கட்டம் எரியாமல் இருக்கலாம். எனவே விரிந்த பையையும், ஸ்கேனர் வேறுவிதமாகச் சொல்லும்வரை, விரியாத பையைப் போலவே நடத்த வேண்டும். விரிந்த உடனே குப்பி கடும் சூடாக இருக்கும். பையின்மேல் படிந்திருக்கும் தூளில் டால்கம் அல்லது சோளமாவு இருக்கும். அதோடு எரிந்த மருந்தின் காரத்தன்மையுள்ள எச்சமும் கலந்திருக்கும். கையுறை, கண்ணாடி, முகக்கவசம் அணிந்துதான் சுத்தம் செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலையைச் செய்யக் கூடாது. 1990-களின் பழைய கார்களில் சோடியம் அசைடு என்னும் நச்சு மருந்து இருந்திருக்கலாம். எந்த ஏர்பேக்கையும் அறுத்துத் திறந்து பார்க்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு தனிப் பாடம் இருக்கிறது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையும் ஆயிரக்கணக்கான கார்களை மூழ்கடித்தன. ஏர்பேக் இ.சி.யு. தரைமட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, சீட் கனெக்டர்கள் தரைவிரிப்பில் கிடக்கின்றன. தண்ணீர் வடிந்து கார் ஓடத் தொடங்கிய பிறகும், அந்த முனைகளில் மாதக்கணக்கில் துரு மெல்லப் பிடிக்கும். பெரும்பாலான நிறுவனங்கள், தண்ணீர் ஏறிய ஏர்பேக் பாகங்களைக் காயவைத்து மாட்டாமல் மாற்றவே சொல்கின்றன. காப்பீட்டுத் தொகையில் அதைச் சேர்க்கும்படி எழுதிக் கேட்பது மெக்கானிக்கின் கடமை. ஏன் என்று புரிந்துகொள்வது உரிமையாளரின் கடமை.

பழைய பை, போலிப் பை, அணைக்கப்பட்ட விளக்கு

ஏர்பேக் வேலையில் மிகக் கசப்பான பகுதி இதுதான். ஒரு விபத்துக்குப் பிறகு பைகள், பெல்ட்டுகள், இ.சி.யு., டாஷ்போர்டு எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் செலவு பெரிதாகிவிடும். அப்போது கேட்கும் வார்த்தை ஒன்று உண்டு: “லைட் எரியாம மட்டும் செஞ்சு கொடுங்கண்ணே.” பையின் இடத்தில் 2 ஓம் ரெசிஸ்டரை மாட்டினால் இ.சி.யு. ஏமாந்து விளக்கை அணைத்துவிடும். வெடித்த டாஷ்போர்டை ஒட்டி மேலே கவர் போட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது. அந்தக் காரை வாங்கும் அடுத்தவர், உள்ளே எதுவுமே இல்லாத ஒரு ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டுகிறார். சோதனைக்காகத் தயாரித்த ரெசிஸ்டரை இப்படிப் பயன்படுத்துவது, எப்போது வேண்டுமானாலும் ஓர் உயிரைக் கேட்கும் மோசடி.

போலிப் பைகளும் சந்தையில் இருக்கின்றன. 2024-இல் டெல்லி போலீஸார், பல முன்னணி நிறுவனங்களின் பெயரில் தயாரிக்கப்பட்ட 900-க்கும் மேற்பட்ட போலி ஏர்பேக்குகளைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தரமற்ற மாற்று இன்ஃப்ளேட்டர்கள் வெடித்துச் சிதறியதில், முந்தைய ஒன்பது மாதங்களில் மூவர் இறந்தார்கள். இருவர் வாழ்நாள் முழுதும் தழும்பாகும் காயம் அடைந்தார்கள். அவர்கள் சிக்கிய விபத்துகள் உயிர்பிழைக்கக்கூடியவை. உயிரைப் பறித்தது பழுது பார்த்தபோது மாட்டப்பட்ட பொருள்.

நல்ல நிலையில் உள்ள பழைய காரிலிருந்து கழற்றிய அசல் ஏர்பேக்கைப் பயன்படுத்தலாமே என்ற வாதமும் உண்டு. சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய பாகங்களை நம்பி வாழும் பலருக்கு அது நியாயமாகத் தோன்றும். பம்பருக்கும் கதவுக்கும் அது சரிதான். ஏர்பேக்குக்குப் பொருந்தாது. மூழ்கிய காரிலிருந்து வந்ததா, திரும்பப் பெறும் அறிவிப்பில் உள்ளதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டகாட்டா நிறுவனத்தின் கதையே அதற்குச் சாட்சி. அந்நிறுவனம் பயன்படுத்திய அம்மோனியம் நைட்ரேட் மருந்து, வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறித் தாக்கும்போது ஆண்டுக்கணக்கில் சிதைந்து, எரியும்போது தேவைக்கு மேல் அழுத்தம் தந்து குப்பியை உடைத்தது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்பப் பெறும் பட்டியலில் சேர்ந்தன. 2017-இல் டகாட்டா திவாலானது. இந்தியாவிலும் ஹோண்டா, டொயோட்டா போன்ற நிறுவனங்கள் டகாட்டா இன்ஃப்ளேட்டர் கொண்ட கார்களைத் திரும்ப அழைத்து மாற்றின. கடலோர ஈரமும் கோடை வெயிலும் சேர்ந்த தமிழ்நாட்டுத் தட்பவெப்பம், அந்த மருந்துக்கு மிக ஆகாத சூழல். டகாட்டா இன்ஃப்ளேட்டர் இருக்கக்கூடிய பழைய கார்கள் ஷெட்டுக்கு வந்தால், வேலையை எடுப்பதற்கு முன் நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைப் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட பை உள்ள காரில் ஸ்டீயரிங் பக்கம் கை வைக்காமல் டீலரிடம் அனுப்புவதுதான் சரி. அந்த மாற்றத்துக்கு உரிமையாளர் பணம் கட்டத் தேவையில்லை.

காலாவதியான காரைக் காயலான் கடைக்குப் போடும்போதும் கவனம் வேண்டும். விரியாத ஏர்பேக்குகள், ஐ.நா. ஆபத்துப் பொருள் வகைப்பாட்டில் 3268 என்ற எண்ணில் வருபவை. முறையான உடைப்பு நிலையங்களில், அவை காரில் இருக்கும்போதே, 10 மீட்டர் தள்ளி நின்று அவற்றை விரியச் செய்த பிறகுதான் உடைப்பார்கள். அவற்றைச் சுத்தியலால் உடைத்து அலுமினியத்தை எடுப்பது உயிரோடு விளையாடுவது.

இனி செய்ய வேண்டியது

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தம், குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி ஆணையிடும் அதிகாரத்தை 110ஏ பிரிவின் மூலம் அரசுக்குத் தந்திருக்கிறது. அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 182ஏ பிரிவில் தண்டனையும் உண்டு. விளக்கை மட்டும் அணைத்துக் கொடுக்கும் பட்டறையை அந்தத் தண்டனை எந்த அளவுக்குத் தொடுகிறது என்பதைப் போக்குவரத்துத் துறை தெளிவாக்க வேண்டும். தகுதிச் சான்றுச் சோதனையில் ஏர்பேக் விளக்கு ஆன் செய்ததும் எரிந்து, பிறகு அணைகிறதா என்று பார்ப்பதைக் கட்டாயமாக்கினால், சில மோசடிகளாவது அங்கேயே வெளிப்படும்.

நிறுவனங்களின் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. காத்திருக்க வேண்டிய நிமிடங்கள், கழற்றும் வரிசை, வெப்ப வரம்பு ஆகியவை டீலர்களின் கணினிகளில் மட்டும் இருந்தால், ஊர்ப்புறப் பட்டறைகளும் தெருமுனை ஷெட்டுகளும் அவற்றை எப்படித் தெரிந்துகொள்ளும்? பழுது பார்க்கும் உரிமை குறித்து 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தபோது வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. அந்த முயற்சியில் பாதுகாப்பு சார்ந்த பக்கங்களையாவது தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் கட்டணமின்றி வெளியிடச் செய்வது முதல் படியாக இருக்கலாம். மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் படிக்கும் ஐ.டி.ஐ. மாணவர், பயிற்சிக்காக வைக்கப்பட்ட மருந்தில்லாத ஓர் ஏர்பேக்கைத் தன் கையால் கழற்றி, முகம் மேலாக வைத்து, கிளாக் ஸ்பிரிங்கை நடுவில் நிறுத்திப் பழக வேண்டும்.

பட்டறைக்காரர் இன்றே தொடங்கக்கூடியவையும் உண்டு. காத்திருக்கும் நேரத்தை பில்லில் கூலியாகச் சேர்க்கலாம். அதற்கான காரணத்தை வாடிக்கையாளருக்குச் சொல்லலாம். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி கிடைக்காதவரை, அவசரம்தான் வெல்லும். ஏர்பேக் வேலைக்கு என்று ஸ்கேனர் இல்லாவிட்டால், அந்த வேலையை இருக்கிற இடத்துக்கு அனுப்பிவிடலாம்; அது தொழிலுக்கு இழுக்கு அல்ல. கார் வைத்திருப்பவர்களும், இக்னிஷன் ஆன் செய்ததும் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து அணைகிறதா என்று தினமும் பார்க்கலாம். சீட் பெல்ட் போடாதவரை ஏர்பேக் முழுமையாகக் காக்காது என்பதையும் நினைவில் வைக்கலாம். மருந்தடைத்த எட்டு கருவிகளோடு கார்கள் ஊருக்குள் வந்துவிட்டன. அவற்றின் அருகே வேலை செய்பவருக்கு அறிவும் நேரமும் கொடுத்தால்தான், பின்னால் அதே காரில் உட்காரப்போகிறவருக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.